முதுகுத் தகடு

மந்தைக் காவலுக்குப் பேர் கொடுத்த செங்கிடாவுக்குக் கவசச் சட்டை மாட்டிவிட வந்தது குரங்கு. மார்புத் தகட்டைத் தொண்டைக்குழிக்குக் கீழே, நெஞ்சை மூடும்படி நிறுத்தி, மூச்சு முட்டாத அளவுக்கு வாரை இறுக்கியது. பிறகு முதுகுத் தகட்டை எடுத்தது.

“அது எதுக்கு? புறமுதுகு காட்டாத பரம்பரை நாங்க! அதையும் முன்னாடியே சொருகு” என்றது கிடா.

“மகராசா சொன்னாச் சரி” என்று குரங்கும் சொருகிவிட்டது.

மாலையில் ஓநாய் வந்தது. முதலில் ஓட்டம் பிடித்தது கிடாதான். முன்பாரம் இழுக்க, தடுக்கித் தடுக்கி விழுந்தது. கவசமில்லாத பெட்டையாடுகள் கூடி முட்டித்தான் ஓநாயைத் துரத்தின.

ஓநாய் குதறிய முதுகில் குரங்கு பச்சிலை வைத்தபோது கிடா குமுறியது: “ஓநாய்க்கு மரியாதையே தெரியல, பார்த்தியா? ஒரு வீரனைப் பின்னால வந்தா கடிக்கிறது?”