நீ இரு, நான் வர்றேன்

அங்கை தன் பலூனின் வாயுவைத் திறந்துவிட்டிருந்தாள்.

இறங்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு வெளியே மஞ்சள் மேகம். வெள்ளிக் கிரகத்தில் பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது? மேகம், அதைத் துரத்திக்கொண்டு ஓடும் காற்று, அவ்வளவுதான்.

மேலே ஏற ஏறக் காற்றுக்கு வேகம். இறங்க இறங்க மந்தம்.

காலையில் இரண்டு பலூன்களையும் பிணைத்திருந்த கயிறு அறுந்தது. கணவன் நல்லசிவம் இருந்த சின்ன பலூன் கீழே போய்ப் பின்தங்கிவிட்டது. அதில் இனி ஒரு மணி நேரத்துக்குத்தான் ஆக்சிஜன்.

வழி இரண்டு. அவன் பாரத்தை உதறிவிட்டு மேலேறி, வேகக் காற்றில் அவளை எட்டிப் பிடிக்கலாம். இல்லை, அவள் மந்தக் காற்றுக்கு இறங்கி அவனுக்காகக் காத்திருக்கலாம்.

யாராவது ஒருவர்தான் செய்ய வேண்டும்.

ரேடியோவில் கடைசியாகக் கேட்டதும் அந்தச் சண்டைதான்.

“அங்கை, நீ இரு. நான் வர்றேன்.”

“நீங்க சும்மா இருங்க. நான் வர்றேன்.”

அத்தோடு ரேடியோ செத்துவிட்டது.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. நல்ல ஜோடி!

மேகம் கிழிந்தது. அவன் விளக்கு தெரிந்தது.

தலைக்கு மேலே.

பாவி மனுஷன், கேட்கவில்லை. இருந்த பாரத்தையெல்லாம் கொட்டிவிட்டு ஏறியிருக்கிறான். அவள் இறங்கிய அதே நேரத்தில்.

இன்னும் ஒரே ஒரு தடவை முடியும். அவள் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றிவிட்டால் ஏறலாம். அவன் வாயுவைத் திறந்தால் இறங்கலாம். இரண்டு பேருமே செய்தால் மறுபடி இதே கதைதான். அதற்கப்புறம் அவளுக்குக் கொட்டவும் ஒன்றுமிருக்காது, அவனுக்குத் திறக்கவும் ஒன்றுமிருக்காது.

விளக்கை இரண்டு முறை அணைத்து ஏற்றினாள். நில், நான் வருகிறேன் என்று அதற்கு அர்த்தம்.

அதே நொடியில் மேலேயும் விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சரி சாமி, இந்த ஒரு தடவை உங்க பேச்சையே கேக்கிறேன்.

தொட்டியின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

காத்திருந்தாள்.

விளக்கு இறங்கவில்லை. மேல்காற்றில் மெல்ல முன்னே நகர்ந்துகொண்டிருந்தது.

ஐயோ.

அவனும் கேட்டிருக்கிறான். இந்த ஒரு தடவை.

பாய்ந்து கைப்பிடியைப் பிடித்தாள்.

பிடித்தவள் இழுக்கவில்லை.

இந்நேரம் அங்கே அவன் கையும் வாயுத் திருகிக்குப் போயிருக்குமே.