கழிப்பறை வாசலில் ஒரு பள்ளம்

நெலிதா பெத்தங்கூரின் முறை இரண்டாவதாக இருந்தது. கூட்டம் தொடங்கியதும் அதை ஏழாவதுக்குத் தள்ளிவிட்டார்கள்.

கூரை ஒழுகுவது அதைவிட அவசரமாம். கூட்டத்தை நடத்திய டாக்டர் லெதெஸ்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் தள்ளினார்.

அவளுக்கு அப்போதே சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது.

மறதி நோய்க்காரர்களுக்கான பகல்நேர மையம் அது. நடத்துகிறவர்களின் கூட்டத்தில் நோயாளி ஒருவரும் உட்கார்ந்து குறை நிறை சொல்ல வேண்டும் என்று அந்த வருடம்தான் ஏற்பாடாகியிருந்தது. அந்த ஒருவர் நெலிதா. வயது அறுபத்தெட்டு. பைசாந்தூ நகரத்து இறைச்சித் தொழிற்சாலையில் நானூறு பெண்களுக்காக முதலாளிகளோடு மல்லுக்கு நின்றவள். பேசத் தெரிந்தவள் என்றுதான் அவளைப் பிடித்துப் போட்டார்கள்.

இப்போது அவளிடம் இருந்தது ஒரே ஒரு விஷயம். விடிந்ததிலிருந்து அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். எழுதிய சீட்டை எங்கே வைத்தாளோ, தெரியவில்லை.

எல்லாரும் மாற்றி மாற்றிக் குடிக்கும் மாத்தே தேநீர்க் குவளை சுற்றி வந்தது. அவள் வேண்டாம் என்று கையசைத்தாள்.

கழிப்பறை ஒன்றும் தூரத்தில் இல்லை. அறையைத் தாண்டினால் எதிரே தெரியும் கதவுதான். மழைக்காலத்தில் யாரும் வழுக்கி விழக்கூடாதென்று அதன் முன்னால் ஒரு கால்மிதி போட்டிருந்தார்கள். பெரியது. கன்னங்கரேலென்று இருக்கும்.

மற்றவர்களுக்கு அது கால்மிதி. அவள் கண்ணுக்கு அடி தெரியாத பள்ளம்.

கால்மிதிதான் என்று அவளுக்குத் தெரியும். காலுக்கு அதைப் புரியவைக்க முடியவில்லை. கூட்டத்துக்கு முன் இரண்டு தடவை போய், விளிம்பில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தாள்.

யாரையாவது கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஆனால் எழுந்து போய் வருவதற்குள் சொல்ல வந்தது போய்விடும். அவளுக்கு அது நிச்சயம்.

ஒசிரிஸ் பின்தோஸுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம். லாரி ஓட்டியவன். மையத்தில் அவளோடு சீட்டாடுகிறவன், ஆட்டத்துக்கு ஆட்டம் ஏமாற்றுகிறவன். அவனும் அந்த விளிம்பில் நின்றான். கால்சட்டை நனைந்தது. மறுநாளும் நனைந்தது. நோய் முற்றிவிட்டது என்று கோப்பில் எழுதி டயப்பர் கட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஒசிரிஸ் சீட்டைத் தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான்.

நான்காவதாக ரொட்டி விஷயம் வந்தது. ஐந்தாவதாக வேனுக்கு டயர்.

ஐந்தாவதில் அவளிடமிருந்து ஒரு சொல் நழுவியது. என்ன நிறம்? கால்மிதி என்ன நிறம்? மேஜையடியில் டாக்டரின் ஷூ கண்ணில் பட்டது. கறுப்பு. பிடித்துக்கொண்டாள்.

தொடைகளை இறுக்கிக்கொண்டாள். மேஜை விளிம்பைப் பற்றிய விரல்கள் வெளுத்துப்போயின. ஆறாவதை அவர்கள் இழுத்துக்கொண்டே போனார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்துவைக்க அவளால் முடியவில்லை. ஒன்றை விட வேண்டியிருந்தது.

ஏழாவது வந்தது. எழுந்து நின்று பேசும்படி சொன்னார்கள். அவள் உட்கார்ந்தபடியே சொன்னாள்.

“கழிப்பறை வாசல்ல கெடக்கே கறுப்பு கால்மிதி, அது எங்க கண்ணுக்குப் பள்ளமாத் தெரியுது டாக்டர். விழுந்துருவோம்னு பயந்துதான் நாங்க போறதில்ல. ஒசிரிஸுக்கு டயப்பர் வேணாம். அதை எடுத்தாப் போதும்.”

ஒரு சொல்கூடச் சிந்தவில்லை.

தலைமை நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் லெதெஸ்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இதுவரைக்கும் யாருமே இதை எங்ககிட்ட சொன்னதில்ல, தோனா நெலிதா,” என்றார் மரியாதையாக.

கைதட்டினார்கள். நன்றி சொன்னார்கள். பிறகு சாப்பாட்டுக்கு எழுந்து, பேசிக்கொண்டே அந்தக் கால்மிதியின் மேல் நடந்து போனார்கள்.

குறிப்பெழுதும் மிர்தா மட்டும் இருந்தாள். இருபது வருடமாக அந்த மேஜையின் கோடியில் உட்கார்ந்து எழுதுகிறவள். தான் சொன்னதை எழுதியாகிவிட்டதா என்று நெலிதா கேட்டாள். எழுதியாயிற்று என்றாள் மிர்தா, முகத்தைப் பார்க்காமல். நோட்டை மூடினாள். மறுபடி திறந்தாள்.

“மார்ச்லயும் எழுதினேன், தோனா நெலிதா. மே மாசமும் எழுதினேன். நீங்க இதையேதான் சொன்னீங்க. டாக்டரும் இதையேதான் சொன்னாரு.”

நெலிதா மார்ச்சைத் தேடினாள். இல்லை. மே மாதத்தைத் தேடினாள். அதுவும் இல்லை. அந்த இரண்டு நாளும் இப்படித்தான் மேஜையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா?

எழுந்திருக்க உதவலாமென்று மிர்தா பக்கத்தில் வந்தாள். வந்தவளின் செருப்பு தரையில் வழுக்கியது. குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். துணி எடுக்கத் திரும்பினாள்.

நெலிதா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“தொடைக்காத மிர்தா. போய் அவங்க எல்லாரையும் திரும்பக் கூட்டிட்டு வா. நான் இப்படியே உக்காந்திருக்கேன்.”