பின்பக்கம், இடது மூலை

“பிணத்துக்கெல்லாம் மேடையில நாற்காலி போட முடியாதுய்யா!”

தலைவர் போட்ட சத்தத்தில் ரசிகர் மன்றமே நிமிர்ந்தது. மன்றம் என்றால் மொத்தம் ஐந்து பேர்.

செயலாளர் மட்டும் அசரவில்லை. “பிணம் இல்லீங்க, பிணமா நடிச்சவர். நம்ம படத்துல முகம் காட்டினவங்க ஒருத்தர் விடாம போய்ச் சேர்ந்துட்டாங்க. உங்களை விட்டா மிச்சம் இருக்கறது அவர் ஒருத்தர்தான்.”

படம் வெளிவந்து ஐம்பது வருஷம். பழைய தியேட்டரைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு ஏற்பாடு ஆகியிருந்தது. வாசலில் விற்க டீ-சர்ட், சாவிக்கொத்து, காபிக் கோப்பை எல்லாம் வந்து இறங்கிவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே படம், அந்தக் கடைசிக் காட்சி. கொட்டும் மழையில் நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதன்மேல் வெள்ளைத் துணி மூடிய ஒரு உடம்பு. கதாநாயகன் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடுகிறான்.

அந்த நாலு பேரில் பின்பக்கம், இடது மூலையில் இருப்பவர்தான் தலைவர். முகம் தெரியாது, முதுகு மட்டும்தான் தெரியும். ஆனால் அந்த முதுகுதான் அவரை இருபத்திரண்டு வருஷமாகத் தலைவராக உட்கார வைத்திருந்தது. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன் கல்யாணமே அதனால் நடந்ததுதான். மாமனார் சினிமாப் பைத்தியம். “படத்துல நடிச்ச பையனா!” என்று வாயைப் பிளந்தவர், மூடுவதற்குள் பெண்ணைக் கொடுத்துவிட்டார்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அந்த முதுகு தலைவருடையது இல்லை.

படப்பிடிப்பு நடந்த அன்று அவருக்குப் பொன்னுக்குவீங்கி. கன்னம் இரண்டும் பலூனாகி வீட்டில் படுத்திருந்தார்.

“ஆள் எங்கேர்ந்துய்யா கிடைச்சார்?” என்று கேட்டார், குரல் கொஞ்சம் இறங்கி.

“பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வெச்சிருக்கார். கடைச் சுவர்ல இதே படத்தை மாட்டி, ‘படுத்திருப்பது நான்’னு கீழே எழுதி வெச்சிருக்கார்.”

“வயசானவர். படி ஏற முடியாதே, பாவம்.”

“பார்த்தேனே, ரெண்டு ரெண்டு படியா ஏறுறார்.” செயலாளர் சிரித்தார். தலைவர் நாற்காலிமேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். “தூக்கினவரும் படுத்தவரும் ஐம்பது வருஷம் கழிச்சுச் சந்திக்கறீங்க. சும்மாவா?”

ஞாயிற்றுக்கிழமை வந்தேவிட்டது. முன்வரிசையில் தலைவரின் மனைவி டீ-சர்ட்டோடு உட்கார்ந்திருந்தார். அதில் இருந்த முதுகைக் காட்டி ஓர் அம்புக்குறி, ‘என் வீட்டுக்காரர்’ என்று. தனியாகச் சொல்லி அடிக்க வைத்தது. தலைவர் அந்தப் பக்கமே பார்க்காமல் மேடையில் போய் உட்கார்ந்தார்.

சைக்கிள் கடைப் பெரியவர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். மேடை ஏறியதும் தலைவரை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். சட்டென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போச்சு. கண்டுபிடித்துவிட்டார்.

பெரியவர் மைக்கைப் பிடித்தார். “பிணமா நடிக்கறது லேசுன்னு நினைக்காதீங்க. வசனம் இருந்தா மறந்து போச்சுன்னு சமாளிக்கலாம். மூச்சை மறந்தா என்ன பண்றது? அன்னிக்கு ஒரு எறும்பு மூக்குக்குள்ள போய் வீடு பார்த்துச்சு. தும்மினேன்னா சோகப் படம் பேய்ப் படம் ஆயிடும்!”

விசில் பறந்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை.

செயலாளர் மைக்கை வாங்கினார். “ஐயா, ஒரு சந்தேகம். உங்களைத் தூக்கினவங்கள்ல பின்பக்கம், இடது மூலையில இருந்தது யாரு? ஞாபகம் இருக்கா? நல்லா முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.”

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் பதவி போனால் போகட்டும். வீட்டுக்குப் போய் எந்த முகத்தைக் காட்டுவது? நாற்பத்தாறு வருஷமாக முதுகைக் காட்டியே பிழைத்தாயிற்று.

“என்ன தம்பி கேள்வி இது?” பெரியவரின் குரல் கணீரென்று எழுந்தது. “இதோ, இவர்தான்! மத்த மூணு பேரும் என்னை மூட்டை மாதிரி குலுக்கி எடுத்தாங்க. இவர் ஒருத்தர்தான் தூங்கற குழந்தையைத் தூக்கற மாதிரி தூக்கினார்!”

கைதட்டல் ஓய இரண்டு நிமிஷம் ஆனது. தலைவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் வேறு வழியில்லாமல் கைதட்டினார்.

விழா முடிந்ததும் தலைவர் பெரியவரை மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். கதவைச் சாத்திவிட்டு அவர் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, இதுக்கு மேல என்னால முடியாது. அது என் முதுகே இல்லை. அந்த ஷூட்டிங் பக்கமே நான் தலை வெச்சுப் படுக்கலை. தெரிஞ்சிருந்தும் அத்தனை பேர் முன்னாடி என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!”

பெரியவர் அவரையே வெறித்துப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் சரிந்தார். கோட்டுப் பொத்தானைக் கழற்றி, நெடுமூச்சு ஒன்று விட்டார்.

“இதை முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? தூக்கினவரே வந்திருக்கார், ‘நான் தூக்கினது இந்த ஆளை இல்லை’ன்னு மைக்குல சொல்லிடப் போறார்னு எனக்கு உயிரே இல்லை. அந்தப் படத்துல படுத்திருந்தது எவனோ, யாருக்குத் தெரியும்? நான் பிணமா நடிச்சது இன்னிக்கு, உங்க பக்கத்து நாற்காலியிலதான்!”