ரோஷமுள்ள துணி

“யாரைக் கேட்டு வேலையை நிறுத்துனீங்க?”

மேனேஜர் போட்ட சத்தத்துக்கு இஸ்திரிக் கூடத்தில் ஒருத்தியும் அசையவில்லை. நீராவிப் பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றார்கள். அத்தனை பேர் ஏப்ரனும் பளீர்ச் சிவப்பு.

“சிவப்பானா நிறுத்தணும்னு சுவத்துல எழுதி ஒட்டினது நீங்கதானே சார்?” என்றாள் துணிச் சோதனை அறையில் வேலை பார்க்கும் பெண். தொழிற்சாலைப் பெண்களில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். வாயும் அவளுக்குத்தான் அதிகம் என்பது மேனேஜரின் அபிப்பிராயம்.

சட்டைகளை வாங்கும் கம்பெனியிலிருந்து பார்வையிட வந்திருந்த அதிகாரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். சூடு எல்லை தாண்டினால் நீலத்திலிருந்து சிவப்பாக மாறும் புதுத் துணியில்தான் ஏப்ரன் தைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆர்டர் கிடையாது என்று அடம்பிடித்தவரே அவர்தான்.

“ஹால் ஜில்லுனுதான் மேடம் இருக்கு” என்று மேனேஜர் இளித்தார். மூக்கு நுனியில் வியர்வை சொட்டியது.

“ஜில்லுனா ஸ்வெட்டர் போட்டுக்குங்க சார்!” பின்வரிசையிலிருந்து ஒரு குரல். கூடம் குலுங்கிச் சிரித்தது.

மேனேஜர் சோதனை அறைப் பெண்ணிடம் திரும்பினார். “போன வாரம் உங்கக்கா இங்க மயங்கி விழுந்தப்போ ஏப்ரன் நீலமாத்தானே இருந்துச்சு? வெறும் வயித்தோட வந்து விழுந்துட்டு, சூடுன்னு கதை கட்டினா.”

“சாப்பிட்டுட்டுதான் வந்தா. தட்டுல போட்டவ நான். இன்னும் எழுந்து உக்கார முடியல அவளால.”

“இப்ப என்னதான் வேணும் உனக்கு?”

“ஜன்னல்ல அடிச்ச ஆணியைப் புடுங்குங்க. வேலை தானா நடக்கும்.”

“ஆணியா?” என்றார் அதிகாரியம்மா.

“தூசி வரும்ல மேடம்… வெள்ளைச் சட்டை…”

“சட்டை கிடக்கட்டும். துணியே சிவந்து போச்சு, மனுஷங்க எப்படி நிப்பாங்க? இந்த ஆர்டரை நான் நிறுத்தி வைக்கிறேன்.”

மேனேஜருக்கு முகம் வெளுத்தது. “ஐயோ மேடம், இவளுங்க ஏமாத்துறாளுங்க! இந்த ஏப்ரன் சிவக்கவே சிவக்காது!”

“அதெப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?”

“நான்தானே வாங்கினேன்? நீங்க சொன்ன துணி விலை ஜாஸ்தின்னு எல்லாருக்கும் சாதா நீலக் காட்டன்தான்…”

சொன்ன வாயை அவரே பொத்திக்கொண்டார்.

“தெரியும் சார்” என்றாள் அவள். “அக்கா விழுந்த அன்னைக்கே அவ ஏப்ரனை அடுப்புல காட்டிப் பாத்தேன், கருகுச்சு, சிவக்கல. இது நாங்களே கடையில வாங்கித் தச்ச சாதா சிவப்பு. டீ டைம்ல மாத்திக் கட்டிக்கிட்டோம்.”