அரைக் கூடை உப்பு

உச்சி வெயில் உப்புப் பாத்தியில் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. தலையில் அரைக் கூடை ஈர உப்போடு வரப்பில் நிற்கிறாள் தையல்நாயகி. "எனக்குந்தான் வயித்தக் கிழிச்சாங்க. ஒரே வாரத்துல கூடை தூக்கலையா? நட அண்ணி," என்கிறாள் பின்னால் வரும் நாத்தனார் சரஸ்வதி. அவளுக்குச் செய்தது குடும்பக் கட்டுப்பாடு. இவளுக்கோ கர்ப்பப்பையையே எடுத்திருக்கிறார்கள். மூன்று மாசம் தண்ணிக் குடம்கூடத் தூக்காதே என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கூடையிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணி கழுத்து வழியாக இறங்க, சிராய்த்த தோள் திகுதிகுவென்று எரிகிறது. அடிவயிற்றில் இன்னும் ஆறாத தையல்மேலும் புடவை நனைந்து ஒட்டுகிறது. 'உப்புத்தண்ணிதான், உப்புத்தண்ணிதான்' என்று முனகுகிறாள். குனிந்து பார்க்கப் பயம். அந்த இடம் மட்டும் எரியவில்லை.