பாதிக் கிழங்கு

எங்கள் தாவரவியல் பூங்காவிலுள்ள தரை ஆர்க்கிட் பூச்செடிகள் எல்லாமே நூற்றிருபது வருடத்துக்கு முன் கப்பலில் வந்த ஒற்றைக் கிழங்கிலிருந்து பிரித்து நட்டவை. தலைமைத் தோட்டக்காரரை அண்ணன் என்போம். அவர் இருந்தவரை ஒன்றுகூட அழுகியதில்லை.

“கிழங்கு பாதி வெளிய தெரியணும்டா. ஆழமாப் புதைச்சா மூச்சு முட்டிடும்” என்பார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள், வேலையில் மனம் ஒட்டாமல் நாற்பது கிழங்குகளை முழுசாகப் புதைத்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் நாற்பதும் பாதி வெளியே தெரிந்தன. சுற்றிலும் மண்ணைக் கட்டைவிரலால் அழுத்திய தடம். தொட்டிகளின் பெயர்ப்பட்டையில் மாற்றி நட்ட தேதி, அண்ணனின் கோணல் எழுத்தில்.

ஓடிப்போய் அவர் மனைவியிடம் சொன்னேன். அண்ணி அழவில்லை.

“அவருக்கு எத்தனை அடி தோண்டுனீங்க?”

“ஆறடி, அண்ணி.”

“எல்லாம் தெரிஞ்ச நீயே இப்படிப் பண்ணலாமா?”

இருவரும் கல்லறைக்குப் போனோம். சவப்பெட்டி பாதி மண்ணுக்கு வெளியே தெரிந்தது. சுற்றிலும் கட்டைவிரல் தடம். தலைமாட்டில் செருகியிருந்த பெயர்ப்பட்டையில், மாற்றி நட்டது என்று அன்றைய தேதி.

அண்ணி கையோடு கொண்டுவந்திருந்த பூவாளியைச் சாய்த்து, ஓரமாகத் தண்ணீர் விட்டார்.