இறங்காத கோடு

கிட்ட வந்து உக்காருங்க கண்ணுங்களா, விழுப்புரத்து ஆபீஸ் ஒன்றில் நடந்த கதை சொல்றேன்.

மேனேஜர் அரசப்பன் பின்னால் வந்து நின்றதை அப்ஸானா கவனிக்கவில்லை. அவள் கம்ப்யூட்டரில் இருந்த கிராஃபில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது.

“கஸ்டமர் தினம் சராசரியா எத்தினி நிமிஷம் பேசுறாருன்னு வாராவாரம் எடுத்திருக்கியா? இருபத்திரெண்டு, பதினஞ்சு, ஒம்போது, நாலு. கொறைஞ்சிக்கினுதானே வருது? கோடு எப்படிம்மா ஏறுது?”

“ஒவ்வொரு வார சராசரியையும் முன்னதோட கூட்டிக்கினே போறேன் சார். அப்படிப் போட்டா இறங்கவே இறங்காது.”

“கோடு இறங்காது. ஆளு கையை விட்டுப் போயிடுவாரே. யாரு இந்த கஸ்டமர்?”

அப்ஸானா திரையை மூடினாள்.

“கஸ்டமர் இல்ல சார். துபாய்ல இருக்கிற எங்க வீட்டுக்காரரு.”

உங்க வீட்டுக்கு வர்ற போனெல்லாம் நேரம் தெரியாம நீளட்டும், கண்ணுங்களா.